மலை இருக்கு, லயத்தைக் காணேல்லை

எங்கட ஆக்கள் போடுற நிலக்காட்சிப் படங்களை ஒரு கிழமைக்கு வரிசையாகப் பார்த்து வாருங்கள். மலையகம் என்றால் பனிமூட்டம், தேயிலைப் பச்சை, தூரத்தில் ஒரு நீர்வீழ்ச்சி. யாழ்ப்பாணம் என்றால் ஒற்றைப் பனை, செம்மஞ்சள் வானம், கடனீரேரிக்குள் நட்ட தடிகள். வன்னி என்றால் ஒரு குளக்கட்டு, பட்டமரம், அதில ஒரு கொக்கு. கீழே 'சொர்க்கம்' என்று ஒரு சொல்லும் ரெண்டு ஹார்ட்டும். ஊரின் பெயர் இருக்காது. திகதி இருக்காது. ஆக்கள் இருக்கவே மாட்டினம்.

இந்தக் கட்டுரை அந்தப் படங்களோடு சண்டை பிடிக்கத்தான். எடுக்கிற பொடியன் பெட்டையளோடு எனக்குக் கோபமில்லை. கடன்பட்டு கமரா வாங்கி, விடிய நாலு மணிக்கு எழும்பிப் போய் எடுக்கிறார்கள். கோபம் அவர்களுக்குக் கிடைக்கிற பாடத்தின் மேல். பயிற்சிப் பட்டறை, யூடியூப், போட்டி விதிகள் எல்லாம் ஒரே பாடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுகின்றன: நல்ல லென்ஸ் வாங்கு, விடியலிலோ பொழுதுபடவோ எடு, மூன்றில் ஒரு பங்கு விதியைப் பிடி, கடைசியாக 'பிரேமைக் கிளீனாக வை'.

அந்தக் 'கிளீன்' என்ற சொல்லில்தான் எனக்குப் பிரச்சினை. எது ஊத்தை என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். மின்கம்பம், வயர், தகரக் கூரை, கொடியில் காயிற உடுப்பு, நீலத் தண்ணித் தாங்கி, பிளாஸ்டிக் கதிரை, பிறகு மனிசர். ஒரு நிலத்தில் சனம் வாழுகிறது என்பதற்கான அத்தாட்சி முழுக்க அந்தப் பட்டியலில் வந்துவிடும். அதைத் துடைத்தெறிந்துவிட்டு மிஞ்சுகிறதை 'இயற்கை' என்று பெயர் வைக்கிறோம்.

"நான் அரசியல் எடுக்கேல்லை, இயற்கையைத்தான் எடுக்கிறன்" என்று உடனே பதில் வரும். சரி, தேயிலை மலையையே எடுப்பம். அது இயற்கையா? அந்த மலைகளில் முதலில் காடு இருந்தது. பிரித்தானியர் காலத்தில் காட்டை வெட்டி எரித்துக் கோப்பி வைத்தார்கள். 1869இல் கோப்பியில் இலைநோய் வந்தது; காலப்போக்கில் கோப்பி அழிந்துபோனது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. காடழித்தவர்கள், ரோட்டுப் போட்டவர்கள், கொழுந்தெடுத்தவர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவரப்பட்ட சனம். 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. நீங்கள் ரசிக்கிற அந்த வளைவு வளைவான பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றும் ஒருவரின் கையால் போட்டது. அதைப் படமெடுத்து, போட்டவரை மட்டும் வெட்டிவிட்டு, இயற்கை என்று தலைப்பு வைத்தால் அதைவிட அரசியலான படம் வேறென்ன இருக்கு?

கமராவுக்கு இந்தப் பழக்கம் இன்றைக்கு வந்ததில்லை. அதனால்தான் வரலாறு படிக்கச் சொல்லுகிறேன்.

1838இல் பாரிஸில் லூயி டகேர் தன் யன்னலிலிருந்து ஒரு வீதியை எடுத்தார். 'புலவார் து தாம்ப்ள்' என்ற வீதி. வண்டியும் குதிரையும் சனமுமாக நிறைந்த இடம். படத்தில் வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. அந்தக் காலத்து வெள்ளித் தகட்டுக்குப் பல நிமிச நேரம் வெளிச்சம் காட்ட வேண்டியிருந்தது. அசைந்தவர்கள் எல்லாரும் மறைந்துபோனார்கள். மிஞ்சினது ஒரு மனிதர். சப்பாத்து மினுக்கக் காலை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றவர். மினுக்கியவரின் உருவம் கலங்கலாகக் கிடக்கிறது, ஏனென்றால் அவருடைய கை வேலை செய்துகொண்டிருந்தது. மனிதர் தெரிகிற முதல் படம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிற படத்திலேயே, வேலை வாங்கியவர் தெளிவாகவும் வேலை செய்தவர் கலங்கலாகவும் விழுந்திருக்கிறார்கள்.

டகேருக்கு வேற வழி இருக்கவில்லை. எங்களுக்கு இருக்கு. இருந்தும் காசு குடுத்து அந்தக் குறையை வாங்குகிறோம். என்.டி. பில்டர் என்கிற கறுப்புக் கண்ணாடியைச் சொல்லுகிறேன். பத்து ஸ்டொப் பில்டர் ஒன்று வெளிச்சத்தை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காக்கும். முப்பதில் ஒரு செக்கனில் எடுக்கக்கூடிய படத்துக்கு முப்பது செக்கனுக்கு மேல் ஷட்டரைத் திறந்து வைக்கலாம். அலை பால் மாதிரி ஆகும், முகில் இழுபடும். முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுக்கிறவர்களுக்கு முன்னால் அதைப் போட்டுப் பாருங்கள்: வலை இழுக்கிற ஆள் புகையாகிவிடுவார், கரையில் சும்மா கிடக்கிற வள்ளம் கூராக நிற்கும். யாழ்ப்பாணக் கடனீரேரியில் நட்ட களங்கட்டித் தடிகளும் அப்படித்தான். தடி கலை ஆகிவிட்டது. அந்தத் தடியை நட்டு, இரவில் இறால் பார்க்கப் போகிறவர் கலைக்கு இடைஞ்சல் ஆகிவிட்டார்.

பில்டர் கூடாது என்று நான் சொல்லவில்லை. அது என்ன செய்யும் என்று தெரிந்து போடுங்கள் என்கிறேன். அசைகிறதை அழிப்பதுதான் அதன் வேலை. உங்கள் பிரேமில் அசைகிறது யார் என்று ஒருக்கால் பார்த்துவிட்டு ஷட்டரை அமத்துங்கள்.

இப்ப எல்லாப் பட்டறைகளிலும் முதல் சிலைடில் வருகிற அன்சல் அடம்ஸிடம் வருவம். அவரை மதிக்காமல் இதை எழுதவில்லை. 1932இல் எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலானோரோடு சேர்ந்து 'எஃப் 64' குழுவைத் தொடங்கியவர். பிரெட் ஆர்ச்சரோடு சேர்ந்து வலய முறையை உருவாக்கியவர்; முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரை பதினொரு படிகளாக வெளிச்சத்தைப் பிரித்து, எது எந்தப் படியில் விழவேணும் என்று எடுப்பதற்கு முன்னமே தீர்மானிக்கிற முறை. அதை இன்றைக்கும் படிக்கவேணும்.

ஆனால் அவர் படங்களின் மற்றப் பக்கத்தை ஆரும் சிலைடில் போடுவதில்லை. அவர் வாழ்நாள் முழுக்க எடுத்த யோசெமிட்டி பள்ளத்தாக்கு 'மனிதக் கால் படாத' இடமில்லை. அங்கே அவாநீச்சி மக்கள் வாழ்ந்தார்கள். 1851இல் மரிப்போசா படை உள்ளே போய் அவர்களை விரட்டியது. பத்து வருசம் கழித்து, 1861இல், கார்ல்டன் வொட்கின்ஸ் பெரிய கண்ணாடித் தகடுகளைச் சுமந்துபோய் அந்தப் பள்ளத்தாக்கை எடுத்தார். 1864இல் லிங்கன் அதைப் பாதுகாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். சட்டத்துக்கு ஆதரவு திரண்டதில் அந்தப் படங்களுக்கும் பங்குண்டு. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் படை, பிறகு கமரா, பிறகு பூங்கா. வெறுமையாக்கப்பட்ட நிலத்தை 'வெறுமையாகவே இருந்த நிலம்' என்று காட்டியது கமரா. வடக்கில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1990இல் சனத்தை எழுப்பிவிட்டு ஆண்டுக்கணக்காக உயர் பாதுகாப்பு வலயமாகக் கிடந்த வலிகாமம் வடக்கு நிலத்தையும் ஒருவர் 'அமைதியான பசுமை' என்று எடுத்துப் போடலாம். பாழடைந்த வீடும் அதைப் பிளந்த ஆலமரமும் நல்ல டெக்ஸ்சர்தான்.

இன்னும் ரெண்டு விசயம். 1944இல் லோன் பைன் என்ற ஊரிலிருந்து அடம்ஸ் எடுத்த குளிர்கால விடியல் படம் புகழ்பெற்றது. அந்த மலைச்சரிவில் உள்ளூர்ப் பள்ளி மாணவர்கள் தங்கள் ஊரின் முதலெழுத்துகளை வெள்ளைக் கல்லால் பெரிதாகப் பதித்திருந்தார்கள். அடம்ஸ் அதை அழித்துவிட்டுத்தான் படத்தை அச்சிட்டார். குறை சொன்னவர்களுக்கு அவர் இசையவில்லை; அது மலைக்கு வந்த வடு என்பதே அவர் எண்ணம். ஒரு ஊர்ப் பிள்ளைகள் 'இது எங்கட ஊர்' என்று எழுதியதை, வந்துபோன கலைஞர் துடைத்துவிட்டார். இன்றைக்கு போனில் விரலால் தேய்த்து மின்கம்பத்தை மறைக்கிறோமே, அதன் தாத்தா இது.

மற்றது மன்சனார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை அடைத்து வைத்த முகாம்களில் ஒன்று. அடம்ஸ் 1943இல் அங்கே போனார். உள்ளே இருந்தவர்களை எடுத்து, அவர்களும் சம உரிமையுள்ள அமெரிக்கர்களே என்று 1944இல் புத்தகமே போட்டார். அதற்கு அவரை மெச்சவேணும். ஆனால் அங்கிருந்து எடுத்த படங்களில் உலகம் அறிந்தது எது? பாறைகளும் ஒளிக்கதிரும் நிறைந்த வில்லியம்சன் மலைப் படம். அந்தப் படத்தில் முள்ளுக்கம்பி இல்லை. முகாம் கமராவின் முதுகுப்பக்கம். அதே முகாமில் அடைபட்டிருந்த தோயோ மியத்தாகே ஒரு லென்ஸை ஒளித்துக் கொண்டுபோய், மரத்தால் ஒரு கமராப் பெட்டி செய்து முகாம் வாழ்க்கையை எடுத்தார். நிலக்காட்சி பழகுகிற எத்தனை பேருக்கு மியத்தாகேயின் பெயர் தெரியும்?

எங்கட தீவின் கதையும் இதுதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்கீன், ஸ்கோவன், கொஞ்சம் பிந்தி பிளாத்தே என்று ஸ்டூடியோக்கள் கொழும்பிலும் கண்டியிலும் தொழில் நடத்தின. மலை, அருவி, தோட்டம், கோயில், கூடவே 'தமிழ்ப் பெண்', 'சிங்கள மனிதன்' என்று பெயரற்ற மனிதர்களையும் எடுத்து, பயணிகளுக்கும் துரைமாருக்கும் விற்றன. இவற்றில் ஆக்கள் இருக்கினம்தான். ஆனால் மரம் செடி மாதிரி ஒரு வகைமாதிரியாக.

இங்கே நியாயமான ஒரு எதிர்க்கேள்வி வரும்: "அப்ப என்ன, பச்சை மலைக்குப் பதிலா வறுமையை எடுக்கச் சொல்லுறியளா?" இல்லை. லயத்து வாசலில் மூக்கொழுகுகிற பிள்ளையைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் போடுவது அதே வியாபாரத்தின் மற்றக் கடை. கூடையைத் தலையில் மாட்டிச் சிரிக்கச் சொல்லி எடுக்கிற படமும் அதேதான். அந்தச் சிரிப்பை நூறு வருசத்துக்கு மேலாகத் தேயிலைப் பெட்டியில் ஒட்டி விற்றுக்கொண்டிருக்கிறார்கள். மனிதரை அலங்காரப் பொருளாகக் கொண்டுவந்து வைப்பதும் மனிதரை வெட்டி எறிவதும் ஒரே பார்வையின் ரெண்டு பக்கம். நான் கேட்பது வேறு. நிலத்தை, அதில் நடந்த வேலையோடு சேர்த்துப் பாருங்கள். ஆளே இல்லாத படத்திலும் அதைச் செய்யலாம்.

செய்தும் இருக்கிறார்கள். 1975இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டரில் வில்லியம் ஜென்கின்ஸ் 'நியூ டொப்போகிராபிக்ஸ்' என்று ஒரு கண்காட்சி வைத்தார். மனிதர் மாற்றிய நிலம்தான் அதன் பேசுபொருள். ரொபர்ட் அடம்ஸ், லூயிஸ் போல்ட்ஸ், ஸ்டீபன் ஷோர், ஜெர்மனியின் பெர்ன்ட், ஹில்லா பெக்கர் தம்பதி எல்லாம் அதில். புதுக் குடியிருப்பு, கார் தரிப்பிடம், தொழிற்சாலைச் சுவர், சுரங்கக் கட்டடம். பல படங்களில் ஒரு ஆள்கூட இல்லை. ஆனால் ஒவ்வொரு படத்திலும் 'இதை ஆரோ செய்தார்கள், ஏதோ காரணத்துக்காகச் செய்தார்கள்' என்பது தெரியும். மின்கம்பம் அங்கே ஊத்தை இல்லை.

அழகைக் கைவிடச் சொல்லுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மலையகத்தில் வளர்ந்த ஒருவருக்கு விடியப்புற மூட்டம் அழகுதான். ஆனால் அந்த அழகையே பார்த்துக்கொண்டிருக்கிற கண்ணுக்குச் சரிவில் விழுந்திருக்கிற வெடிப்புத் தெரிவதில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னமே எச்சரிக்கை இருந்தது. லயம் எந்தச் சரிவில் இருக்கிறது, மேலே மண் எப்படிக் கிடக்கிறது, தண்ணி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை ஒரு நிலக்காட்சிப் படம் காட்டலாம். நிலத்தை வாசிக்கப் பழகிய ஒருவரால் மட்டும்தான் அது முடியும். மன்னாரிலும் இதேதான்: சூரியன் படுகிற நேரத்தில் காற்றாலை விசிறி எல்லாருக்கும் பிடித்த படம். 2025இல் புதிய காற்றாலைகளுக்கும் கனியமணல் அகழ்வுக்கும் எதிராக அந்தத் தீவின் சனம் வீதியில் நின்றது. விசிறிக்குக் கீழே இருக்கிற நிலம் எத்தனை படங்களில் இருக்கிறது?

எங்கட மொழியில் நிலத்தைப் பார்க்கிற முறை ஒன்று ஏற்கனவே இருக்கிறது. பழம்பெருமை பேச இதை இழுக்கவில்லை. தொழிலுக்கு உதவும் என்பதால் சொல்லுகிறேன். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்துத்தான் முதற்பொருள் என்கிறது. அதற்குள் மரமும் பறவையும் மட்டும் இல்லை. உணவு, பறை, தொழில் எல்லாம் கருப்பொருள். தொழிலில்லாத நிலம் அந்தக் கணக்கில் நிலமே இல்லை. பொழுதைப் பாருங்கள்: முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், மருதத்துக்கு வைகறை, நெய்தலுக்கு வெயில் சாய்கிற எற்பாடு, பாலைக்கு நண்பகல். எங்கட பட்டறைகளில் விடியலும் மாலையும் தவிர மற்றப் பொழுதெல்லாம் 'கூடாத வெளிச்சம்'. நண்பகல் வெயிலில் எடுக்காதே என்று சொல்லித் தருகிறார்கள். மன்னாரின் வெக்கையை, வன்னியில் வயல் வெடித்துக் கிடக்கிறதை, உப்பளத்தில் கண் கூசுகிற வெள்ளையை நண்பகலில் எடுக்காமல் எப்ப எடுக்கிறது? உப்பு அள்ளுகிறவர் பொன்னான நேரம் பார்த்தா வேலைக்குப் போகிறார்?

சரி, நுட்பத்துக்கு வருவம். 'அரசியல் கதைக்கிறவை நுட்பம் தெரியாதவை' என்று ஒரு நக்கல் இருக்கு. எனக்கு நுட்பம் வேணும், இன்னும் கடுமையாக வேணும்.

எஃப் 64 என்பது அந்தக் குழுவினரின் பெரிய கமராவுக்கான கணக்கு. உங்கள் சாதாரண கமராவில் எஃப் 22க்குப் போனால் ஒளி சிதறிப் படம் மங்கும். 18 மில்லிமீற்றரில், எஃப் 8இல் வைத்து, சுமார் 2 மீற்றர் தூரத்தில் போகஸ் பண்ணுங்கள். ஒரு மீற்றரிலிருந்து தொடுவானம் வரை போதுமான தெளிவு கிடைக்கும். கமராவோடு வருகிற லென்ஸே காணும். புது லென்ஸ் வாங்கினால்தான் நிலக்காட்சி வரும் என்கிறவர், லென்ஸ் விற்கிறவராக இருக்கக்கூடும்.

அடுத்தது ஒளியளவு. கமராவின் மீட்டர் எல்லாவற்றையும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை மூட்டத்துக்குள் அதை நம்பி எடுத்தால் மூட்டம் சாம்பலாகும், கொழுந்தெடுக்கிற அக்காவின் முகம் கறுத்த நிழலாகும். பிறகு அதை 'சில்லுவெட்' என்று கலையாக்கிவிடுகிறோம். வலய முறை படித்தவருக்கு அந்த முகம் எந்தப் படியில் விழவேணும் என்று தீர்மானிக்கத் தெரியும். ஒரு ஸ்டொப் கூட்டி எடுப்பார். முகம் தெரிவதும் தெரியாமல் போவதும் இங்கே ஒரு டயலைத் திருப்புகிற கேள்வி.

மூன்றாவது, திரும்பிப் போவது. 1977இல் மார்க் கிளெட் முதலியோர், நூறு வருசத்துக்கு முன் டிமதி ஓ'சலிவன் போன்றவர்கள் அமெரிக்க மேற்கை எடுத்த அதே புள்ளிகளைத் தேடிப் போய், அதே கோணத்தில், அதே பருவத்தில் மறுபடி எடுத்தார்கள். ஓ'சலிவன் யூட்டாவில் ஒரு பாறைக்கூட்டத்தைக் கமராவைச் சரித்து எடுத்திருந்தது அப்பதான் தெரியவந்தது. மற்றவர் நின்ற இடத்தில் நின்று பார்த்தால், அவர் எதை உள்ளே எடுத்தார், எதை வெளியே விட்டார் என்பது விளங்கும். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. எங்களிடமும் ஸ்கீன், ஸ்கோவன், பிளாத்தே படங்கள் இருக்கின்றன. ஹற்றனிலோ நுவரெலியாவிலோ இருக்கிற நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய தோட்டப் படத்தை எடுத்துக்கொண்டு அந்த மேட்டைத் தேடிப் போகலாம். கமராவை அதே இடத்தில் வைத்து முன்பக்கம் ஒன்று, பிறகு முதுகுப்பக்கம் திருப்பி ஒன்று எடுங்கள். அந்த ரெண்டாவது படம்தான் ஸ்கீன் எடுக்காதது.

கடைசியாக, எழுத்து. படத்துக்குக் கீழே ஊர், தோட்டம், டிவிசன், திகதி, நேரம் போடுங்கள். ஆள் இருந்தால் கேட்டு எடுங்கள். அவர் விரும்பினால் பெயரையும் போடுங்கள், விரும்பாவிட்டால் படத்தையே விடுங்கள். 'சொர்க்கம்' என்ற சொல்லை ஒரு வருசத்துக்குத் தள்ளி வையுங்கள்.

போட்டி நடத்துகிறவர்களிடமும் பட்டறை வைக்கிறவர்களிடமும் கேட்பது இவ்வளவுதான். நிலக்காட்சிப் பிரிவில் 'மனிதத் தலையீடு இருக்கக்கூடாது' என்ற விதி இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். இந்தத் தீவில் அப்படி ஒரு நிலம் இருந்தால் எங்களுக்கும் காட்டுங்கள். அன்சல் அடம்ஸைக் காட்டுகிற சிலைடுக்கு அடுத்ததாக மியத்தாகேயைக் காட்டுங்கள். ஒரு நாளாவது நண்பகலில் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போங்கள். அவர்களுக்கு மலையைக் காட்டும்போது, அதில் லயம் எங்கே இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.